அண்ணி தூக்கிய கூடு

தண்ணீரைக் கண்டால் அண்ணி பேச்சை நிறுத்திவிடுவார். பஸ் பாலத்தில் ஏறியதும் பாதி வார்த்தையில் வாய் மூடிக்கொள்ளும். பாலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சண்டை நடக்கும்போதும் இப்படித்தான். "இவகிட்ட ஜெயிக்கணும்னா ஆத்தோரமா வீடு கட்டணும்" என்பார் அண்ணன்.

அண்ணி கணக்கு டீச்சர். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலத்தை, மாணவர்களையும் அக்கம்பக்கத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு சுத்தம் செய்யத் தொடங்கியது அவர்தான். பிள்ளைகள் வைத்த பெயர் சேத்து டீச்சர். எனக்குச் சேற்றில் இறங்கக் கூச்சம். சனிக்கிழமைகளில் கரையிலேயே நின்று, அவர்கள் அனுப்பும் ஆகாயத்தாமரைக் களையைக் கூடையில் அள்ளிப்போடுவேன்.

களையைக் கரைக்குக் கொண்டுவர லாரி ட்யூபின்மேல் பலகை கட்டியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை இடுப்பளவு தண்ணீரில் நின்ற அண்ணி, கோரைக்கு நடுவே மிதந்த ஓர் அழுகல் குவியலை அப்படியே தூக்கிப் பலகையில் வைத்துத் தள்ளிவிட்டார். நான் கைவைத்தேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மேல்களையை விலக்கினால், அழுக்கு வெள்ளையில் நான்கு முட்டைகள்.

"அண்ணி, இங்க வாங்களேன்."

தொண்டர்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரர்தான் முதலில் எட்டிப்பார்த்தார். பறவை பார்ப்பதில் பைத்தியம் அவருக்கு. "முக்குளிப்பான் கூடுங்க. எழுந்து போறப்ப முட்டைய மூடி வச்சிட்டுப் போகும். பாத்தா குப்பை மாதிரிதான் இருக்கும்."

அண்ணியின் முகம் செத்துப்போனது. தண்ணீருக்குப் பக்கத்தில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். "நானே தூக்கிட்டேனே. திரும்பி வருமா?"

"சொல்ல முடியாது டீச்சர். சூடு ஆறுறதுக்குள்ள எடுத்த இடத்துல வச்சிடலாம்."

முட்டைகளைப் பழையபடி மூடி, பலகையோடு தள்ளிக்கொண்டு போனார் அண்ணி. கூட்டை அதே கோரைத் தண்டுகளுக்கு நடுவே மிதக்கவிட்டு, நாலாபுறமும் தண்டுகளை வளைத்துச் செருகினார். பிறகு எல்லோரும் பள்ளியின் மதிலுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப்பார்த்தோம். அத்தனை பிள்ளைகள், ஓர் இருமல்கூட இல்லை.

"பரீட்சைல கூட நாங்க இப்படி இருந்ததில்ல டீச்சர்" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"வாய மூடுடி" என்றார் அண்ணி. கைச்சேற்றைக் கழுவாமல் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து, தூரத்தில் ஒரு சின்னத் தலை எழும்பி மூழ்கியது. அடுத்து எழும்பியபோது கோரைக்குப் பக்கத்தில் இருந்தது. கூட்டின்மேல் ஏறி நாலு பக்கமும் பார்த்தது. பிறகு அலகால் ஒவ்வொரு களையாக இழுத்து ஓரத்தில் போட்டது. அவசரமே இல்லை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் பறவை. நாங்கள் இத்தனை பேர் கலைத்துப்போட்டதைத் தன் வீடென்று ஏற்றுக்கொண்டு, முட்டைகள்மேல் உட்கார்ந்தது. அதன்பிறகுதான் அண்ணி கைச்சேற்றைக் கழுவப் போனார்.

மூன்று முட்டைகள் பொரிந்தன. தாயின் முதுகில் ஏறிக்கொண்டு குஞ்சுகள் போனதைப் பள்ளியே பார்த்தது.

இப்போது பறவைகள் முட்டையிடும் மாதங்களில் அங்கே யாரும் இறங்குவதில்லை. மற்ற மாதங்களிலும், எந்தக் குவியலையும் கிளறிப் பார்த்த பிறகே தூக்குகிறோம். கோரை வளர்ந்த அந்த மூலையை வெட்டாமல் விட்டிருக்கிறோம்.