கருநீலப் படகில் வெள்ளைப் புள்ளிகள்

ஆயுத பூசை என்றால் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது. செம்பனைக் குலை வெட்டும் கத்தி, புல் வெட்டும் மெஷின், மோட்டார் என்று கைக்கு அகப்பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகும் கை அடங்காது. அந்த வருஷம் முதலாளியின் படகையும் ஜெட் ஸ்கீயையும் ஸ்டோரிலிருந்து வெயிலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதலாளி ராசா டவுனில் குடியிருப்பவர், பெரிய கம்பெனியில் கணக்காளர். இந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, கணக்குப்பிள்ளை குடியிருந்த பழைய கிராணி வீட்டையும் அதன் பின்னால் இருந்த ரப்பர் ஸ்டோரையும் வாங்கிப் போட்டார். ஸ்டோரில் படகு, கிராணி வீட்டில் நாங்கள். வாடகை கிடையாது. படகைப் பார்த்துக்கொண்டால் போதும். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஜெட் ஸ்கீயில் ஒரு கீறல் போட்டுவிட்டாராம். முதலாளி சத்தம்கூடப் போடவில்லையாம், சாவியை மட்டும் திருப்பிக் கேட்டாராம். அந்தக் குடும்பம் இப்போது தெமியாங்கில் மச்சான் வீட்டு அறை ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. வீடு போனால் போய் ஒண்டிக்கொள்ள எங்களுக்கு ஒரு மச்சான்கூட இல்லை.

பம்புத் தண்ணீரில் படகைக் குளிப்பாட்டினார். அதன் மூக்கில் பட்டையாகச் சந்தனம் பூசினார். கற்பூரம் காட்டி, மாவிலையால் செம்புத் தண்ணீரைத் தெளித்தார். நான் துணியோடு போனேன். குறுக்கே வந்து நின்றார்.

"தீர்த்தம் தெளிச்சதத் தொடைக்கக் கூடாது. அதுவா காயட்டும்லா."

சாமி விஷயத்தில் இந்த மனிதரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. சுண்டலைக் கிளறப் போய்விட்டேன். படகு உச்சி வெயிலில் அப்படியே நின்றது.

சாயங்காலம் சந்தனத்தைத் துடைத்தபோதுதான் பார்த்தோம். கருநீலப் பெயிண்ட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், வட்டங்கள், வழிந்த கோடுகள். சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை. நகத்தால் தடவினால் சொரசொரத்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். நாளைக் காலையில் வருகிறேன், படகை வெளியில் எடுத்து வையுங்கள் என்றார். எதற்கென்று சொல்லவில்லை. யாராவது சொல்லிவிட்டார்களோ, சாவி கேட்கத்தான் வருகிறாரோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்தார். குத்துவிளக்கைப் பளபளவென்று தேய்ப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இது பித்தளை இல்ல. சாம்பல் பட்டா கீறிடும். கீறுனா சாவி போயிரும்."

அவர் சாம்பலைக் கொட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பம்புத் தண்ணீரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான். தண்ணீர் காய்ச்சும் கெத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவதை வினிகர் ஊற்றித்தான் எடுப்பேன். படகில் இருந்ததும் அதே உப்புதான். ஆனால் கெத்தலுக்குப் பெயிண்ட் கிடையாதே. வினிகர் பெயிண்டைத் தின்றுவிட்டால் என்ன செய்வது? ராத்திரி முழுக்க அதே பயம்.

விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்பே, படகைக் கூரைக்கு அடியில் நிறுத்தி ஆரம்பித்தேன். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, யார் கண்ணிலும் படாத பின்பக்க ஓரத்தில் முதலில் வைத்துப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். நீலம் அப்படியே இருந்தது, வெள்ளையைக் காணோம். அதற்குப் பிறகு சின்னச் சின்ன இடமாக ஈரத்துணியைப் போர்த்தி ஊறவிட்டு, அழுத்தாமல் துடைத்தேன். பீப்பாயில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரால் அலசி, சொட்டுக்கூட நிற்காமல் உடனே ஒற்றி எடுத்தேன். அவர் பின்னாலேயே மெழுகு பூசிக்கொண்டு வந்தார். பெரிய ரோட்டில் லோரி போனாலும் இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் முடியும், பெயிண்டும் போய்விடும். மெதுவாகத் தேய்த்தால் அதற்குள் முதலாளி வந்துவிடுவார்.

மூக்குக்கு அடியில் மட்டும் மிச்சம் இருந்தது. தண்ணீர் வழிந்து தேங்கிய இடம், கறை கெட்டியாகப் பிடித்திருந்தது. துணியை நனைப்பதற்குள் கார் வந்து நின்றது.

முதலாளியோடு மந்தின் ஊர்க்காரர் ஒருவரும் இறங்கினார். அந்த ஆள் படகைச் சுற்றி நடந்தார், தடவினார், கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்றார். என் வீட்டுக்காரருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்து வர ஸ்டோருக்குள் ஓடினார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. முதலாளி என் பக்கம் வந்து குரலைத் தணித்தார்.

"இவர் வாங்குறதா இருக்காரும்மா. படகு போயிட்டா இந்த எடம் எனக்கு எதுக்கு? இதையும் குடுத்துரலாம்னு இருக்கேன். தைப்பூசம் வரைக்கும் இருந்துக்குங்க, அவசரம் இல்ல."

சாவி கேட்கிற குரலே இல்லை. அத்தனை மரியாதையாகச் சொன்னார்.

மந்தின்காரர் குனிந்து மூக்குக்கு அடியில் விரலை ஓட்டினார். இங்கே பெயிண்ட் போய்விட்டதா என்று கேட்டார். முதலாளியின் முகம் சுருங்கியது. ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஆள் காரில் ஏறிப் போய்விடுவார். பெயிண்ட் போனதற்கு முதலாளி சாவி கேட்டாலும் கேட்கலாம், ஆனால் படகு விற்காவிட்டால் நாங்கள் இங்கேயே இருக்கவும் வழி உண்டு. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் ஜாக்கெட்டுகளோடு ஓடி வந்தார்.

"பெயிண்ட் ஒண்ணும் போகல பாஸ், வெறும் தண்ணிக் கறைதான். என் வீட்டுக்காரி இப்பவே எடுத்துருவா பாருங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் துணியை நனைத்து மூக்குக்கு அடியில் ஒட்டவைத்தேன். ஊறுகிற வரைக்கும் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு அலசித் துடைத்தேன். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. மந்தின்காரர் முதலாளியைப் பார்த்துத் தலையாட்டினார்.