சீமெண்ணெயில் பறக்கும் விமானம்

என் மாமாவின் கல்யாணம் சீமெண்ணெயால் நின்றுபோக இருந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்.

மாமா என் அம்மாவுக்கு நேர் இளையவர், விமானப் படையில் இருந்தார். எங்கள் ஆவூரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு, வாத்தியார் வேலைக்குப் போனவர்களுக்குக் கணக்கே இல்லை. விமானத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான். அவர் விமானம் ஓட்டுகிறவர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லைதான். ஆனால் விமானப் படையில் இருக்கிற மனிதர் விமானம் ஓட்டாமல் வேறு என்ன செய்வார்? எட்டு வயதில் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அந்த முறை கல்யாணத்துக்கென்று லீவில் வந்தவருக்கு வாயைத் திறந்தால் ஒரே பேச்சு. அவருடைய ஸ்குவாட்ரனில் இருந்த காத்தாடி வைத்த பழைய விமானங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், அந்த இடத்தில் ஜெட் விமானங்கள் வந்து நிற்கின்றனவாம். முன்னால் காத்தாடியே கிடையாதாம். பின்னால் ஒரு ஓட்டை, அவ்வளவுதானாம். அந்தப் புது இன்ஜினுக்கு என்று தனியாகப் படிக்க வைத்து, பரீட்சை வைத்து, தேறியவர்களைத்தான் அதன் பக்கம் விட்டார்களாம். மாமா தேறிவிட்டார். பெண்ணைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு ஆசையாகப் பேசிக் கேட்டதில்லை என்று அம்மா கேலி செய்வாள். எனக்கோ அவர் பேசப் பேசப் பெருமை தாங்காது. சோற்றுக் கையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன்.

பெண்ணின் அப்பா புதுக்கோட்டையில் பஸ் டிரைவர். ஆலங்குடிப் பாதையில் ஓட்டினார். சம்பந்தி வீட்டு விருந்தில் மாமா அவரிடமும் ஜெட் புராணத்தை ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் சும்மா இருந்திருக்கலாம். அது பெட்ரோலில் ஓடாது, சீமெண்ணெய் மாதிரியான எண்ணெயில்தான் ஓடும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எங்கள் மாதா கோயில் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை ஜாம்ஜாமென்று வாசித்தாயிற்று. அடுத்த ஞாயிறு ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சாமியார் மாமா பெயரைச் சொல்லாமல் இறங்கிவிட்டார். கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பெண் வீட்டார் அந்தச் சீமெண்ணெய்ப் பேச்சில் பயந்துபோய் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கடுத்த வாரம் விட்டால் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. அது முடிவதற்குள் மாமாவின் லீவும் முடிந்துவிடும்.

"ஒன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தியா நீ? நான் பழைய விமானத்துக்கே போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அவுகளுக்கு என்ன தெரியப் போகுது" என்றாள் அம்மா.

"பொய் சொல்லிக் கட்டிக்கிட்டு, நாளைக்கு அவ மூஞ்சில எப்படிக்கா முழிக்கிறது?" என்றார் மாமா. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் அழுகையாக வந்தது.

திங்கட்கிழமை பெண்ணின் அப்பாவே வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. மோரை வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாக ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. பெட்ரோல்ல கொஞ்சம் சீமெண்ணெய் கலந்துட்டான்னாலே என் வண்டி திருவரங்குளம் போறதுக்குள்ள இருமி இருமி நின்னுரும். நீங்க முழுக்க சீமெண்ணெய்ங்கிறீங்க. உலகச் சண்டைக் காலத்துல பெட்ரோல் கெடைக்காம கரியப் போட்டு பஸ் ஓட்டுனவன் நான். ஒரு ஏத்தம் வந்தா சனங்க எல்லாம் எறங்கித் தள்ளணும். இப்ப சர்க்காருக்கு என்ன முடையோ, விமானத்தையும் அப்படி ஆக்கிட்டாக. மேல போயி நின்னா யாரு எறங்கித் தள்ளுறது?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முறைத்த முறைப்பில் அடக்கிக்கொண்டார்.

மாமா உள்ளே போய், கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை எடுத்து வந்தார். பட்டப்பகலில் அதைப் பற்றவைத்துப் பம்ப் அடித்தார். உஸ்ஸென்று இரைந்துகொண்டு வெள்ளையாக எரிந்தது.

"இதுவும் சீமெண்ணெய்தானுங்க. சும்மா ஊத்திக் கொளுத்துனா புகையும். காத்த அடைச்சு நெருக்கிக் குடுத்தா இம்புட்டு வெளிச்சம். அந்த இன்ஜின் காத்த முன்னால இழுத்து நெருக்கி, அதுல எண்ணெயப் பீச்சி எரிக்குது. எரிஞ்சது பின்பக்கமாப் பாயுற வேகத்துல விமானம் முன்னால போகுது. இருமுறதுக்கு அதுல பிஸ்டனே கெடையாதுங்க. முடை வந்து மாத்தலை, பழசால போக முடியாத வேகத்துக்கு மாத்துனாங்க."

பெண்ணின் அப்பா விளக்குக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வெகு நேரம் கேட்டார். இன்ஜின் சத்தத்திலேயே காலம் தள்ளியவர் அல்லவா. முகத்தில் மெல்ல ஓர் ஆசை வந்ததை நானே பார்த்தேன்.

"இன்ஜினை ஒத்துக்கிடுறேன். ஆனா அம்புட்டு வேகத்துல நீங்க ஏறிப் போனா, எம்பொண்ணு தெனமும் வானத்தப் பார்த்துக்கிட்டு நிக்கணுமே?"

"நான் ஏறுறதில்லைங்க. நான் ஃபிட்டர். இன்ஜினைச் சோதிச்சு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுறதுதான் என் வேலை. அதப் பார்த்துட்டுத்தான் பைலட்டு ஏறுவாரு."

எனக்கு உலகமே இடிந்து விழுந்தது. அறைக்குள் ஓடிப் போய்ப் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன்? அவர் அதைக் கொஞ்சம் மெதுவாகவாவது சொல்லியிருக்கலாம். வெளியே பேச்சு தொடர்ந்தது.

"கையெழுத்துப் போட்ட பெறகு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"அவரு வந்து எறங்குற வரைக்கும் அங்கிட்டு இங்கிட்டு நகர மாட்டேங்க. ஒரு வாய் சோறு எறங்காது."

நாற்காலி நகர்ந்தது. "நான் சாமியாரப் பார்த்துட்டு வாரேன்" என்றது அவர் குரல்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மிச்சமிருந்த இரண்டு ஓலைகளையும் சேர்த்தே வாசித்தார். தபசு காலத்துக்கு முன்பாகக் கல்யாணம் முடிந்தது. விருந்தில் நான் வேண்டுமென்றே பெண்ணின் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன்.

"எங்க மாமா பறக்கவே மாட்டாராமே. பரவால்லையா ஒங்களுக்கு?"

"ஆத்தா, காலைல பஸ்ஸத் தொடுறதுக்கு முந்தி நான் யாரு மூஞ்சியப் பார்ப்பேன் தெரியுமா? எங்க ஷெட்டு ஃபிட்டரு மூஞ்சிய. அவன் சரின்னு தலையாட்டுனாத்தான் ஏறுவேன். அப்படி ஒருத்தன் எம்பொண்ணுக்குக் கெடைச்சிருக்கான்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

பறக்காத மாப்பிள்ளை வாய்த்துவிட்ட துக்கத்தை இப்படிச் சொல்லி ஆற்றிக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பாவமாக இருந்தது. என் இலையில் இருந்த அதிரசத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.