எங்கள் லாஞ்சின் டீசல் பீப்பாய்

எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் ராயபுரம் கரைக்கு இஞ்சின் வைத்த லாஞ்சுகள் வந்த புதிதில், டீசலில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று ஆம்பளைகள் என்னிடம்தான் கேட்டுப் போனார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறெதற்குச் சொல்ல?

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் கட்டுமரத்தை விட்டுவிட்டு லாஞ்சு வாங்கிய வருஷம் அது. வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர் பீப்பாயில் டீசல் அனுப்புவார். பீப்பாய் எங்கள் வீட்டுச் சுவரோரம் நிற்கும். அது என் பொறுப்பு. யார் கொடுத்தது என்று கேட்டால், யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

பீப்பாயை நேராக நிறுத்தக் கூடாது. மழை பெய்தால் மேல்தட்டில் தண்ணீர் தேங்கும். வெயிலில் காய்ந்த பீப்பாய் இரவில் குளிரும்போது, மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து வைப்பேன். உள்ளே தண்ணீர் இருந்தாலும் பள்ளத்துப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். மேட்டுப் பக்கமாகக் குழாய் விட்டு, அடியைத் தொடாமல் எடுப்பேன். பழைய வேட்டியை நாலாக மடித்து, டீசலில் நனைத்துவிட்டு வடிகட்டுவேன். மிச்சம் மீதி தண்ணீர் இருந்தால் துணிமேல் முத்து முத்தாக நிற்கும். லாஞ்சு கரையில் நின்றாலும் டேங்கை முட்ட நிரப்பிவிடச் சொல்வேன். அரைகுறையாக விட்டால், சோற்றுப்பானை மூடி வேர்க்கிற மாதிரி டேங்கும் உள்ளே வேர்க்கும். கொழுந்தனுக்கு இதெல்லாம் சிரிப்பு. டீசலுக்குத் தாலாட்டுப் பாடுகிறேன் என்று கரையெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் வந்து லாஞ்சை மந்திரித்தார். பூ, மெழுகுவர்த்தி, எல்லோருக்கும் கேக்கு. திங்கள் விடிகாலை லாஞ்சு முதல் தடவையாகத் தொழிலுக்குப் போனது. பொழுது ஏறும்போது திரும்பியும் வந்தது, இன்னொரு லாஞ்சின் வாலில் கயிறு கட்டி. துறைமுகத்தைத் தாண்டியதும் இஞ்சின் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோயிற்றாம். ஏலம் எடுக்க வந்த பெண்கள், புதுப்பெண்ணுக்கு அதற்குள் தாய்வீட்டு ஞாபகமா என்று கேட்டார்கள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

இஞ்சினைப் பார்க்க வந்த மெக்கானிக், டேங்கில் தண்ணீர் என்றார். கொழுந்தன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்:

"அண்ணி, நாளைலேந்து பீப்பா எங்கிட்ட இருக்கட்டும். நீ கொழம்பு கொதிக்குதான்னு பாரு, போதும்."

என் வீட்டுக்காரர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கையைவிட்டுப் பீப்பாய் போனால் அப்புறம் கரையில் என்னை யார் மதிப்பார்கள்? நேராக வீட்டுக்குப் போனேன். அதே பீப்பாயில் ஒரு டின் எடுத்து, துணியையும் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க ஊற்றிக் காட்டினேன். ஒரு முத்து நிற்கவில்லை.

உடனே கொழுந்தன் பேச்சை மாற்றினான். அப்படியானால் பாய்தான் தண்ணீர் கலந்திருக்கிறார், போய்க் கேட்கிறேன் என்று சைக்கிளை எடுத்தான். பாய் தங்கமான மனுஷர். இந்தப் பீப்பாய் சுத்தமாக இருக்கும்போது அவர் எங்கே கலந்தார் என்று கேட்டுச் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினேன்.

அதற்குள் மெக்கானிக் இஞ்சினுக்கு அடியில், டீசலோடு வரும் தண்ணீர் தங்குகிற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேலே டீசல், கீழே தெளிவாகத் தண்ணீர். கடல் தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு இல்லக்கா. இது கொழா தண்ணி."

எல்லோரும் முழித்தார்கள். குழாயடியில் குடத்துக்கு அடிதடி நடக்கிற ஊரில், நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் டேங்கில் ஊற்றுவது யார்?

அப்போதுதான் என் மாமியார் டிபன் கேரியரோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. மூத்த மகனிடம் சொன்னார்:

"சாமியார் தெளிச்சதுல இஞ்சின் மேல ஒரு சொட்டு வுழல நைனா. அல்லாம் ஒன் தம்பி சொக்கா மேலதான் வுந்துச்சி. அதான் கோயில்லேந்து ஒரு பாட்டில் தீர்த்தம் வாங்கியாந்து, நானே அது வாய்ல ஊத்தினேன்."

தீர்த்தத்தைத் தப்பு என்று எவன் சொல்வான்? மெக்கானிக் கிண்ணத்தை மணலில் கொட்டப் போனார். மாமியார், தீர்த்தத்தைக் கால்படுகிற இடத்தில் கொட்டுவதா என்று கையைத் தட்டிவிட்டார். கொழுந்தன் மட்டும் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கிழவியின் கண் கலங்க ஆரம்பித்திருந்தது. அப்போ இஞ்சினுக்குச் சாமியே வேணாமா என்றார்.

நான் மெக்கானிக்கிடம், இந்த இஞ்சின் எங்கேயாவது தண்ணீர் குடிக்குமா என்று கேட்டேன். சூடு ஆற்றுவதற்கு ஒரு தொட்டி உண்டு, அதற்கு நல்ல தண்ணீர்தான் என்று திறந்து காட்டினார்.

"பாத்துக்குங்க அத்தே, இதுக்கு ரெண்டு வாய். எண்ண வாய் என்னுது. தண்ணி வாய் உங்களுது."

கிழவி ரெண்டு மூடியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து வைத்துக்கொண்டார். டேங்கை மொத்தமாக இறக்கி, துடைத்து, குழாய்களையெல்லாம் ஊதிச் சுத்தம் செய்ய மத்தியானம் ஆகிவிட்டது. வடித்ததை ஒரு டின்னில் பிடித்துக் கடலில் விட்டார்கள். மாமியார் கூடவே நின்று சிலுவை போட்டார்.

சாயங்காலம் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணி, டேங்க் காலியா கீது. பீப்பாலேந்து நான் எடுக்கட்டுமா?"

தொடாதே, வருகிறேன் என்றேன். கை கழுவி, முகம் துடைத்து, தலையை அவிழ்த்து முடிந்துகொண்டு, மெதுவாகத்தான் போனேன்.