மீன் வாசனைக்குப் பயந்த தெள்ளுகள்

நீர்த்தெள்ளு பிடிக்கக் கந்தப்பளைக்குப் போகிறவர்கள் அதிகம் இல்லை. யாராவது கிளம்பினால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அட்டனில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். நீர்த்தெள்ளு கடுகளவுகூட இராது. மீனுள்ள குளத்தில் அது அவசரமாகப் பருவமடைந்து, சின்ன உடம்போடு முட்டை சுமக்கும். பெரிய தெள்ளுதான் மீனின் கண்ணில் முதலில் படும். மீனில்லாத இடத்தில் நிதானமாக வளர்ந்து, பெரிதான பிறகே முட்டையிடும். இதை வகுப்பில் காட்ட இரண்டு வகையும் வேண்டும். முதல் வகை அட்டனிலேயே கிடைத்தது. மீனில்லாத தொட்டி, கந்தப்பளைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்த நண்பர் ஆரோக்கியத்தின் வீட்டருகே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அட்டன் போத்தலையும் எடுத்துக்கொண்டேன்.

காலை ரயிலில் நானுஓயா, பஸ்ஸில் நுவரெலியா, மறுபஸ்ஸில் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். மடியிலிருந்த போத்தலைக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"சாராயமா மாஸ்டர்?"

"தெள்ளு" என்றேன். பக்கத்து இருக்கை காலியானது. நெரிசலில் போகிறவர்கள் கவனிக்க.

தோட்டங்களில் பலரையும்போல ஆரோக்கியமும் குடும்பத்தோடு இந்தியாவுக்கே குடிபோக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தொட்டியில் நான் இன்னொரு போத்தலை நிரப்பும்போதே விஷயத்துக்கு வந்தார்.

"தெரியாத ஊருக்குக் கொமரிப் புள்ளயக் கூட்டிட்டுப் போக ஏலாதுங்க. லிந்துலையில மாப்பிள்ள இருக்கு. ஸ்டெல்லா பரீட்ச எழுதணும்னு நிக்கிறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லத் தயாராகத்தான் உள்ளே போனேன். மேசைமேல் இரண்டு போத்தல்களையும் வைத்தேன். ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

"இது ஏன் சார் இத்துனூண்டா இருக்கு? அதுக்குள்ள முட்ட வேற!"

"மீன் இருந்த தண்ணீர். அதுதான் அவசரம்."

"இப்ப மீன் இல்லியே?"

"வாசனை போதும்."

அவள் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, கப்பல் எங்க நிக்குது?"

"இன்னும் உத்தரவே வரலியேம்மா."

"அப்ப எனக்கு என்ன அவசரம்? பரீட்ச எழுதாம நான் எங்கயும் போக மாட்டேன். லிந்துலைக்கும் மாட்டேன்."

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்ததான மாஸ்டர் சொல்லச் சொன்னேன்?"

"ரெண்டு சொல்லிட்டாருப்பா" என்றாள் ஸ்டெல்லா. கல்யாணம் இப்போதைக்கு இல்லை என்று சொல்ல லிந்துலைக்கு அன்றே ஆள் போயிற்று. உத்தரவு வந்தபோது அவள் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

போகிறவர்களுக்கு: போத்தலை மூடியால் இறுக்காமல் மெல்லிய துணியால் கட்டுங்கள். இரண்டு தண்ணீரையும் கலக்காதீர்கள். தகப்பனுக்காகப் பரிந்து பேசப் போகிறீர்களென்றால், போத்தல்களை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.