கரும்புத் தோட்டத்து மணி

மணியை அடித்தது மாப்பிள்ளை. வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மரத்தூணில் தொங்கிய பெரிய இரும்பு மணியின் கயிற்றை இழுத்தார். சத்தம் கேட்டதும், பலகையால் கட்டிய ஒரு குட்டி வீட்டுக்குள்ளிருந்து கண்டாங்கிச் சேலையும் இடுப்பில் கூடையுமாகப் பெண் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். பின்னால் ஆளுயரக் கரும்பு. வாசலில் ஒரு மண்பானை, அதிலிருந்து வெள்ளைப் புகை. அங்கே நெருப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் பானைக்குள் புகைக்குண்டு.

இது எடுக்கப்பட்டது அமெரிக்காவின் தெற்கே, லூசியானாவில். நான் பார்த்தது மாண்ட்ரியலில், பியர்பொன்ட்ஸில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில், கணினித் திரையில். கலியாண வீடியோ எடுக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம், படிக்க வந்த எனக்கு எடிட்டிங் வேலை. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அதுதான். தங்குவதும் அங்கேயே, மேசைக்கு இந்தப் பக்கம் திரை, அந்தப் பக்கம் என் மெத்தை. வேலை போனால் மெத்தையும் போகும் என்பது எனக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது.

கலியாணத்துக்கு முன்னால் ஜோடியை எங்காவது கூட்டிப்போய்ப் படம் எடுப்பது இங்கே கட்டாயமாகிவிட்டது. அதில் அதிகம் கேட்கப்படுவது கிராமத்து தீம். கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் எந்த ஊரின் கிராமத்தையும் பார்த்ததில்லை. அண்ணன் அதற்கென்றே ஒரு பெரிய பெட்டி வைத்திருந்தார்: பானை, சுளகு, பித்தளைக் குடம், கூடை, மழுங்கிய அரிவாள். இந்த முறை அந்தப் பெட்டி வேனில் எல்லை தாண்டிப் போய் வந்திருந்தது.

"எல்லையில நிண்ட ஒபிசர் பானைக்குள்ள என்ன எண்டு கேட்டவன் தம்பி. ஒண்டுமில்லை ஐயா, எங்கட கலாசாரம் எண்டன். மூக்கை விட்டு மணந்து பாத்திட்டுப் போகச் சொல்லிட்டான்!" என்றார் அண்ணன்.

லூசியானாவைத் தேர்ந்தெடுத்தது பெண். மாண்ட்ரியலை அடுத்த லவாலில் பிறந்து பிரெஞ்சில் படித்தவள். அங்கேயும் தெருக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர், பழைய இரும்புப் பின்னல் வைத்த மாடிகள், சந்துக்குச் சந்து ஊதுகுழல் வாத்தியம் என்று கேள்விப்பட்டு ஆசைப்பட்டிருக்கிறாள். எடுத்ததையெல்லாம் வரிசையாகப் பார்த்தேன். நியூ ஓர்லியன்ஸில் முந்தின நாள் குடியும் கூத்தும் முடிந்த தெரு. சாக்கடை வாயில் வேடிக்கைக்கு வீசிய பாசிமணி மாலைகள் குவியலாக, அவற்றின் மேல் யாரோ எடுத்த வாந்தி, அதைத் தாண்டிப் பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டு பெண் நடக்கிறாள். சதுப்புநிலப் படகில் ஒருவன் நீளக் குச்சியில் மார்ஷ்மெல்லோவைக் குத்தி நீட்டுகிறான், முதலை நாய்க்குட்டி மாதிரி எழும்பி வாங்குகிறது, படகே கைதட்டுகிறது. ஒரு மேசை நிறையச் சிவப்பாக அவித்த, இறால் மாதிரியான குட்டி நண்டுகளைக் கொட்டி, எல்லோரும் தலையைக் கிள்ளி உறிஞ்சுகிறார்கள். அந்தச் சத்தத்தை ஹெட்போனில் கேட்க முடியாமல் கழற்றி வைத்தேன்.

"வெண்டிக்காய்க் குழம்படா அது! கம்போ எண்டு பேர் வச்சு விக்கிறான்," என்றார் அண்ணன், இன்னொரு கிண்ணத்தைக் காட்டி. வெண்டைக்காயை அந்த ஊர்ச் சட்டிக்குக் கொண்டுவந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் என்பதை நான் பிறகுதான் வாசித்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எங்கே எழுத்தைக் கண்டாலும் கடைசி வரி வரை வாசித்துவிடுவேன். மணிக்காட்சியில் அந்தப் பலகை வீட்டின் ஓரத்தில் ஒரு விளக்கப் பலகை தெரிந்தது. படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். எழுத்து கலங்கியது. அந்தத் தோட்டத்தின் இணையப் பக்கத்துக்குப் போனேன். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. அந்தக் குட்டி வீடுகள் கரும்பு வெட்டிய அடிமைகளை அடைத்து வைத்த வீடுகள். அந்த மணி, விடியுமுன் அவர்களை எழுப்பி வேலைக்கு விரட்டிய மணி. அதே பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினால், நரைத்த சடைபோலப் பாசி தொங்கும் மரங்களுக்கு நடுவே வெள்ளைத் தூண் மாளிகை. திருமணங்களுக்குக் கிடைக்கும் என்று போட்டிருந்தது.

நான் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன். எங்களை வேலைக்கு எழுப்பியது ஃபாக்டரிச் சங்கு. சீசனில் துரை பங்களாவுக்கு வரும் விருந்தாளிகள் கொழுந்துக் கூடையோடு படம் எடுக்க ஆசைப்படுவார்கள். சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா தன் கூடையைக் கழற்றி அந்தப் பெண்களின் முதுகில் மாட்டி, கயிற்றை நெற்றியில் சரிசெய்து விடுவாள். அப்புறம் "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நீ படத்துல விழுற" என்பார்கள். அம்மா தள்ளி நிற்பாள். சிரித்துக்கொண்டே நிற்பாள். எனக்கு அந்தச் சிரிப்பை இன்னும் பிடிக்காது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்.

"அடிமையளை நானே வச்சிருந்தனான்? நாங்கள் காசு குடுத்து இடம் எடுத்தனாங்கள். உள்ள விட்டவங்கள். பேந்தென்ன?"

"அந்த மணியை அடிச்சு மாப்பிள்ளை பொண்டாட்டியை வேலைக்குக் கூப்பிடுற மாதிரி எடுத்திருக்கீங்கண்ணே."

"அது என்ர ஐடியா! எப்பிடி வந்திருக்கு எண்டு பாத்தியே?"

பெண்ணுக்குத் தெரிந்தால் அவளே வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை அவளும் அவள் அம்மாவும் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். மணிக்காட்சியில் நிறுத்தி, அது என்ன மணி என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணா," என்றாள். "காலமை நாங்கள் டூர் எடுத்தனாங்கள். டூர் காட்டின பொம்பிளை எல்லாம் விளங்கப்படுத்தினவ. சின்னப் பிள்ளையளைத் தனியா வித்தது எல்லாம். நான் அழுதே போனன். மேக்கப் திருப்பிப் போட வேண்டியதாப் போச்சு."

"அப்புறமுமா அங்கேயே எடுத்தீங்க?"

"சூட்டிங் புக் பண்ணியாச்சே. அதோட அந்த நேரத்து லைட், மொன் தியூ, கடவுளே, அப்பிடி ஒரு வடிவு."

அவள் அம்மா முன்னால் குனிந்தார். "தம்பி, பிள்ளை அழுததை எடுத்தவையோ? இருந்தால் அதையும் சேருங்கோ. ஆக்கள் பாத்தால் உருகிப் போவினம்."

எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அண்ணனும் அவர்கள் இருவரும் எந்தப் பாட்டைப் போடலாம் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் செய்தார்கள் என்றால் என்னால் தாங்கியிருக்க முடியும். அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டு, கூடையை எடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் போனதும் அண்ணனிடம், மற்ற எல்லாவற்றையும் வெட்டித் தருகிறேன், அந்த வீட்டுக்கு முன்னால் எடுத்ததை மட்டும் தொடமாட்டேன் என்றேன்.

"நீ தொடாட்டி வேற ஆள் தொடுவான். உனக்கேனடா இவ்வளவு?"

அப்போதுதான் அவர் வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒருநாள் அவர் போனில் ஒரு படத்தைக் காட்டியிருந்தார். யாழ்ப்பாணக் கடலோரத்தில் அவர் பிறந்த வீடு. போர்க்காலத்தில் ராணுவம் எடுத்து, இப்போது விருந்தினர் விடுதியாக நடத்துகிறது. அந்தக் கிணற்றுக் கட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு புதுமணத் தம்பதி கழுத்தைக் கட்டிக்கொண்டு போஸ் கொடுத்திருந்தது. அண்ணன் சிங்க்கில் காறித் துப்பினார். "என்ர அம்மா தண்ணி அள்ளின கிணறடா," என்றார்.

"உங்க கிணத்துல உட்கார்ந்தவங்களைப் பார்த்துத் துப்புனீங்களேண்ணே," என்றேன். "அவங்களும் காசு கொடுத்துத்தான் உள்ள போயிருப்பாங்க."

அவர் முகம் கறுத்தது. கையிலிருந்த கோப்பையை மேசையில் இடித்து வைத்தார். தேநீர் கீபோர்டு வரை சிந்தியது.

"என்ர வீட்டை இதுக்குள்ள இழுக்காதை."

அன்றிலிருந்து அந்தப் பகுதியை அவரே வெட்டினார். நான் மெத்தையில் இருந்து பாடம் வாசிப்பேன். மேசையிலிருந்து மணி கேட்கும். ஒரு தடவை, நிறுத்தம், மறுபடி முதலிலிருந்து. காட்சியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரியும். இரண்டாவது நாள் மணி நின்றுவிட்டது. மனம் மாறிவிட்டாரோ என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷப்பட்டேன்.

"தம்பி, இஞ்ச வந்து பார்."

மாப்பிள்ளை கயிற்றை இழுக்கிறார். மணி ஆடுகிறது. சத்தமில்லை. அதற்குப் பதில் புல்லாங்குழல். பெண் கூடையோடு ஓடிவருகிறாள்.

"மணிச் சத்தத்தை எடுத்திட்டன். இப்ப சரியோ?"

அவர் உண்மையாகவே கேட்டார். எனக்காகச் செய்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"இல்லண்ணே."

"அப்ப நீ வேற இடம் பார்."

லவாலில் அவர்களுடைய கலியாண வரவேற்பு நடந்த அன்று நான் அங்கே இல்லை. இரண்டு பையோடு பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ்ஸில், நின்று நின்று, நகரத்துக்கு வந்துகொண்டிருந்தேன். இப்போது வகுப்பு நண்பர்கள் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். மாலையில், இங்கே தெப்பனர் என்று சொல்லும் ஒரு தெருமுனைக் கடையில் பால், பியர் அடுக்குகிறேன். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "அந்தப் பொண்ணு கூடையை எங்க வச்சிருந்தா?" என்று கேட்டாள். இடுப்பில் என்றேன். "அப்ப வெறுங்கூடை," என்றாள்.

போன வாரம் அண்ணனின் விளம்பரம் என் போனுக்கே வந்தது. அந்த மணிக்காட்சிதான். 'லூசியானா கிராமத்து தீம்' என்று பொன் எழுத்து. கீழே யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அண்ணா, எங்களுக்கும் இதே வீடு வேணும்." இதயம் போட்டவர்களை எண்ணவில்லை. ஒலியை முழுதாகக் கூட்டிப் பார்த்தேன். குழல் மட்டும் கேட்டது. மணியின் நாக்கு இரும்பில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.