முந்தின பாகம் பார்க்கணுமா?

தியேட்டர் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவருக்குக் கணக்கு தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே எல்லோரும் கேட்பது கதையை.

எங்கள் தியேட்டர் தி.நகரில் ஒரு மாலின் மேல்மாடியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா ஆதம்பாக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். ஆறு மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். நான் நிரந்தரமானால் தம்பி கல்லூரியில் சேருவான். ஆகாவிட்டால் அவனும் இஸ்திரி வண்டியில் நிற்பான். இதை மனதில் வைத்துக்கொண்டு சினிமாவைப் பற்றி நிம்மதியாகப் பேச யாராலும் முடியாது.

நான் சொல்கிற படங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும். நாயகர்கள் தனித்தனியாக வந்து, பிறகு ஒன்றாகச் சேர்ந்து, அடித்துக்கொண்டு பிரிந்து, செத்து, வேறோர் உலகத்திலிருந்து திரும்பி வருவார்கள். வெளிநாட்டுக்காரர்கள்தான், ஆனால் நம் ஊரில் தமிழ் பேசுவார்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் "இவன் யாரு?" என்று கேட்டு ஒரு தடவையாவது முறைப்பு வாங்கியிருந்தீர்களானால் நீங்கள் என் கட்சி.

புரியாது சார்

விஷயம் தெரிந்தவர்கள் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கவுன்ட்டருக்கு வருவது, ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துவிட்டுக் கால் வலிக்க, கொஞ்ச நேரம் ஏசியில் உட்காரலாம் என்று பைகளோடு ஏறி வருகிறவர்கள். அப்படி ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவர் கையில் கட்டைப்பை, தோளில் தூங்கும் சின்னவள். போஸ்டரைக் காட்டி, முந்தின பாகம் எதுவும் பார்த்ததில்லை, பார்க்கணுமா என்று கேட்டார். முந்தின காட்சி முடிந்து, ஒன்றும் புரியாமல் வெளியே வந்தவர்கள் என்னை முறைத்தது எனக்கு நினைவிருந்தது. "புரியாது சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு லிஃப்ட் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். கையில் வாக்கி டாக்கியோடு எப்போதும் எங்காவது நின்றுகொண்டுதான் இருப்பார். அவர் கத்துகிறவர் இல்லை. அதனாலேயே எனக்கு அதிகம் பயம். லிஃப்ட் கதவு மூடும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெரியாதுன்னு சொல்லு, பரவால்ல. புரியாதுன்னு சொல்லாத."

பெயர்கள் ஓடும்போது

வேலைக்கு ஆள் குறைவான நாட்களில் அரங்கத்தையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் படத்துக்கு அது எளிது. வில்லன் விழுந்ததுமே பாதிப் பேர் பைக் சாவியோடு வாசலில் நிற்பார்கள். இந்தப் படத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்து, பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கதவைத் திறந்து விளக்கைப் போடச் சொன்னேன். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மாறாக, "லைட்ட அணைங்க", "கதவ சாத்துங்க" என்று நாலு பக்கமும் குரல். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே அடுத்த காட்சிக்கூட்டம் கதவைத் தட்டுகிறது. வாக்கி டாக்கியில் மேனேஜர், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு?

கடைசிப் பெயரும் ஓடி முடிந்த பிறகு ஒரு சின்னக் காட்சி வந்தது. ஒருவன் ஒரு பெட்டியைத் திறக்கிறான், உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிறது, அவ்வளவுதான். அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது. பெருக்குவதற்காகத் துடைப்பத்தோடு எனக்குப் பக்கத்தில் காத்திருந்த மேரி அக்கா, பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவர், என்னைத்தான் குற்றவாளி மாதிரிப் பார்த்தார்: "இன்னா பாப்பா இது, ஒரு பொட்டிய தொறந்து காட்றதுக்கா இத்தினி ஜனம் குந்திக்கினு கீது?"

இடைவேளையில் மாமி

புரியாது என்று சொல்லக் கூடாதல்லவா? அதற்குப் பதிலாகச் சொல்ல மேனேஜரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்திருந்தார்: "தனிப் படமாவும் பார்க்கலாம்." அதை நான் முதலில் சொன்னது மயிலாப்பூரிலிருந்து தனியாக வந்த ஒரு மாமியிடம். இடைவேளையில் மாமி நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார். நான் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்டது, பச்சை அங்கி போட்டவன் நிஜமாகவே செத்துவிட்டானா, இல்லை வேஷம் போடுகிறானா என்று. எனக்குத் தெரியாது. நான் இந்தப் படங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அதையும் சொன்னேன்.

மாமி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் பிள்ளை வேறு ஊரில் ஹாஸ்டலில் படிக்கிறானாம். போன் செய்தால் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. இந்தப் படங்கள் என்றால் மட்டும் வாய் ஓயாதாம். காபியை வாங்கிக்கொண்டு மாமி சொன்னார்: "அவனோட பேசறதுக்கு ஏதாவது ஒரு விஷயம் கெடைக்குமேன்னு வந்தேன்மா. இப்போ கேக்கறதுக்கே நெறைய கெடைச்சுடுத்து, போ."

எதை முதலில் பார்ப்பது

அதற்கு மேல் தெரியாமல் இருக்க எனக்குத் தைரியமில்லை. பரங்கிமலையில் ரயிலேறி மாம்பலத்தில் இறங்குவதற்குள் போனில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். டிகிரி முடித்த பிறகும் என்ன பரீட்சை என்று அம்மா கேட்டார். பார்க்கப் பார்க்க இன்னும் குழம்பியது. எனவே அர்ஷத்திடம் கேட்டேன். அர்ஷத் பாண்டி பஜாரில் செல்போன் கவர் விற்கிற கடையில் வேலை செய்கிறார். எந்தப் பாகம் வந்தாலும் முதல் காட்சிக்கும், பிறகு வாராவாரமும் தன் நண்பர் தினேஷோடு சீக்கிரமே வந்து லாபி சோபாவைப் பிடித்துவிடுவார். இருவருக்கும் தெரியாதது எதுவும் இல்லை என்பது எங்கள் தியேட்டரின் நம்பிக்கை.

வந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்றார் அர்ஷத். கதை நடந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்றார் தினேஷ். அப்படிப் பார்த்தால் நடுவில் வருகிற திருப்பம் முதலிலேயே தெரிந்துவிடும் என்றார் அர்ஷத். போனில் மட்டும் வந்த தொடரை விட்டுவிட்டுப் பார்ப்பதும் ஒரு பார்வையா என்றார் தினேஷ். பச்சை அங்கிக்காரன் செத்தது இந்த உலகத்திலா, பக்கத்து உலகத்திலா என்று போனது. குரல் உயர்ந்தது. பாப்கார்ன் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னால்தான் சண்டை, மேனேஜர் வருவதற்குள் நிறுத்த வேண்டும் என்று நான் வேர்த்து நின்றேன். தினேஷ் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். இடைவேளையில் பார்த்தால் இருவரும் ஒரே பாப்கார்ன் டப்பாவில் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அர்ஷத் என்னிடம் வந்து சொன்னார்: "ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க சிஸ்டர். ஸ்கூல்லேர்ந்து இருந்த பழக்கம், இன்னிக்குப் போச்சு."

திரும்பி வந்த குடும்பம்

என் ஆறு மாதம் முடிகிற வாரத்தில்தான் அடுத்த பாகம் வர வேண்டுமா? வந்தது. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அந்த வாரம் மேனேஜர் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். அதனால் அவர் என் பின்னால் நிற்கும் நேரம் அதிகமானது. ஞாயிற்றுக்கிழமை மதியம், லிஃப்டிலிருந்து ஒரு பெரிய கூட்டம் இறங்கி நேராக என் கவுன்ட்டரை நோக்கி வந்தது. முன்னால் வந்தவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கட்டைப்பைக்காரர். இந்தத் தடவை பை இல்லை. மனைவி, குழந்தைகள், மச்சான் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு வேனையே இறக்கியிருந்தார்.

அவர் என்னைக் காட்டி, மேனேஜர் காதில் விழும்படி மச்சானிடம் சொன்னார், போன வாட்டி எங்களைத் திருப்பி அனுப்பிய பெண் இதுதான் என்று. மேனேஜர் வாக்கி டாக்கியைக் கீழே வைத்தார். தம்பி இஸ்திரிப் பெட்டியில் கரி போடுவது என் கண்முன் வந்தது. கட்டைப்பைக்காரர் கவுன்ட்டர் கண்ணாடிக்கு அருகே குனிந்தார். பின்னால் அவர் பெரிய பெண், பரீட்சைக்கு வந்தவள் போல விறைப்பாக நின்றாள். அவர் சொன்னார்: "ஒண்ணு வுடாம எல்லாத்தயும் பாத்துட்டு வந்துக்கிறோம்மா. கேள்வி வேணாலும் கேளு. இப்பவாச்சும் உள்ள வுடுவியா?"

வெளியே வரும் வாசல்

டிக்கெட் கொடுத்துவிட்டேன். என் பயம் அதோடு முடியவில்லை, அப்போதுதான் ஆரம்பித்தது. இவ்வளவு படித்துவிட்டு வந்தவர்களுக்கும் புரியாமல் போனால் என்ன செய்வது? படம் முடியும் நேரத்தில் மேனேஜர் என்னையும் அழைத்துக்கொண்டு வெளியே வரும் வாசலில் போய் நின்றார். பெயர்கள் ஓடி, பெட்டியோ என்னவோ திறந்து, கைதட்டல் கேட்டது. முதலில் அர்ஷத் வந்தார். புரிந்ததா என்று கேட்டேன். முன்னால் போகிற தினேஷுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று எட்டிப் பார்த்துவிட்டு, பாதிதான் என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

கட்டைப்பைக்காரர் வந்தார். இந்தத் தடவை மேனேஜரே கேட்டார். அவர் தன் பெரிய பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், அன்றைக்கே பார்த்திருந்தால் எதுவுமே புரிந்திருக்காது, இன்றைக்கு எது புரியவில்லை என்றாவது தெரிகிறது என்று. சொல்லிவிட்டு, பெரிய பெண்ணோடு அதைப் பற்றியே வாதாடிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். அந்தக் கூட்டம் மொத்தமும் வாதாடிக்கொண்டேதான் போனது. லிஃப்ட் கதவு மூடும்வரை மேனேஜர் பார்த்தார். நான் திருப்பி அனுப்பிய நாலு பேர் ஒரு வேனோடு வந்திருக்கிறார்கள் என்றும், மறுநாளிலிருந்து அந்தக் கவுன்ட்டர் எனக்கே என்றும், மேலிடத்துக்கு அப்படியே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். இனிமேல் புரியாது என்று நான் சொல்லலாமா என்று கேட்டேன். நான் மட்டும் சொல்லலாமாம், மற்றவர்கள் சொல்லக் கூடாதாம். கிளம்பும்போது மட்டும் ஏதோ மறந்தவர் போலத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பச்சை அங்கி செத்துட்டானா, இல்லையா?"

நான் இப்போது நிரந்தரம். அந்தப் படங்களில் சாவுகூட நிரந்தரம் இல்லை என்பதால், மேனேஜர் உட்பட யார் கேட்டாலும் "தெரியாது சார், அடுத்ததுல சொல்லுவாங்களாம்" என்றுதான் சொல்லி வருகிறேன்.