நெஞ்சில் கை வைக்கிற அக்கி

எங்கள் தெருமுனைக் கடைக்குப் பூட்டு கிடையாது. பூட்டுவதென்றால் முதலில் சாத்த வேண்டும். அக்கி அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. கார்கள் பனிக்குள் புதைந்த குளிர்காலத்திலும், எங்கள் பிராங்ஸ் பகுதி முழுக்கக் கரண்ட் போன கோடையிலும் கடை திறந்தே இருந்தது. வாசலுக்கு மேலே சுருண்டு கிடக்கும் இரும்பு ஷட்டர், துருவும் பெயிண்டும் சேர்ந்து இறுகி, இறங்குவது எப்படி என்பதையே மறந்துவிட்டது. தெருவிலுள்ள மற்ற ஷட்டர்களிலெல்லாம் கிறுக்கி முடித்த பையன்களுக்கு இது ஒன்றுதான் தீராத குறை.

அக்கியின் சொந்தப் பெயர் ஹிஸாம். ஏமனில் இப் என்கிற மலையூர்க்காரர். 'அக்கி' என்றால் அவர் மொழியில் 'என் சகோதரா'. வருகிறவன் போகிறவனை எல்லாம் அவர் அப்படிக் கூப்பிட, தெருவே சேர்ந்து அதை அவருக்கே திருப்பி ஒட்டிவிட்டது. முதலில் வயிறு வரும், அடுத்து மீசை வரும், பிறகுதான் ஆள் வருவார். யாருக்குக் காப்பியில் எத்தனை சர்க்கரை, யாருக்கு டாக்டர் சர்க்கரை வேண்டாம் என்றிருக்கிறார், அதையும் மீறி யார் கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அண்ணன் மகன் ஷாயிஃப் காலேஜிலிருந்து வந்து கல்லாவில் உட்காரும்போது, பின்கட்டில் பால் கிரேட்டுகளை அடுக்கிப் போட்டு அதன்மேல் தூங்குவார். மனைவி ஊரில் இருக்கிறாள். போனில் அவளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அதனால் அவர் என்ன பேசுகிறார் என்று கேட்க நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டுவோம். ஒரு எழவும் புரியாது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காசை நீட்டினால் உடனே வாங்க மாட்டார். வலது கையை நெஞ்சில் வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, "இருக்கட்டும், நம்ம கணக்கு" என்பார். முதல் நீட்டலிலேயே காசை வாங்குகிறவனை அவர் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்களாம். "சும்மா இரு அக்கி" என்று நாம் காசைத் தள்ள வேண்டும். "என்னய்யா நீ, சண்டைக்கு வர்றே" என்று முனகிக்கொண்டே அவர் எடுத்துக்கொள்வார். எங்கள் தெருவில் காலை வணக்கம் என்றால் இதுதான். புதிதாகக் குடிவந்தவர்கள் சில நாள் ஓசியில் தின்றுவிட்டு அவரை மகான் என்று நினைப்பார்கள். பிறகு யாராவது காதோடு விஷயத்தைச் சொல்வார்கள்.

இந்தச் சண்டையில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி நெரெய்தா அத்தை. எங்களுக்குக் கீழ் மாடி. வயசானவர்களை வீட்டோடு போய்க் கவனித்துக்கொள்கிற வேலை. தினம் ரயிலைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில் கடைக்குள் வருவாள்.

"இருக்கட்டும்மா, நம்ம கணக்கு."

"உன் கணக்கா? என்னைக் கட்டிக்கிட்டவனே எனக்குக் காப்பி வாங்கித் தர்றதில்லே. நீ யாருய்யா?"

"காலையிலேயே சண்டையா?"

"ஆமா. புடி. ரயில் போயிரும்."

அவர் கையை நெஞ்சிலிருந்து எடுக்காவிட்டால், கல்லாமேல் படுத்திருக்கும் பூனையின் வயிற்றுக்கடியில் நோட்டைச் செருகிவிட்டு ஓடுவாள். பூனைக்குப் பெயர் மேனேஜர். எழுந்திருக்காது, மேனேஜர்கள் எங்கே எழுந்திருக்கிறார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் செருகிவிட்டு ஓடினாள். அவளுக்குச் சற்று முன்னால் ஒரு வெளியூர்ப் பையன் வந்திருந்தான். முதுகில் பை. தண்ணீர் ஒன்று, சிப்ஸ் ஒன்று. காசை நீட்டினான். அக்கியின் கை நெஞ்சுக்குப் போனது. பையன் ஒரு கணம் முழித்தான், காசைப் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டான். அக்கி சிரித்துக்கொண்டார். வழக்கம் தெரியாத பிள்ளை.

அந்தப் பையன்தான் ரயில் மேடையில் குண்டு வைத்தவன்.

சத்தத்தில் கடையின் அலமாரியிலிருந்த டப்பாக்கள் எல்லாம் உருண்டன. அக்கி குளிர்பெட்டியிலிருந்த தண்ணீர் முழுவதையும் நடைபாதைக்குத் தூக்கி வந்து, ரத்தமும் தூசியுமாக ஸ்டேஷன் படியிறங்கி வந்தவர்கள் முகத்தில் ஊற்றினார். டவல், டயப்பர், பேப்பர் நாப்கின், கைக்கு அகப்பட்டதையெல்லாம் கிழித்துக் கட்டினார். ஒவ்வொருவரிடமும், "நெரெய்தாவைப் பாத்தீங்களா?" என்றார். யாரும் பார்க்கவில்லை. மேடைக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்களோடு அவள் சேர்ந்துவிட்டாள்.

வைத்தவன் யாரென்று தெரிவதற்கு முன்பே டிவியில் அவனுக்கு ஒரு மதம் கண்டுபிடித்துவிட்டார்கள். சாயங்காலம்தான் பெயர் வந்தது. வடக்கே ஏதோ சின்ன ஊர்ப் பையன். அசல் அமெரிக்கப் பேர், கேட்டால் பேஸ்பால் டீமில் ஆடுகிறவன் மாதிரி இருந்தது. ஸ்டூடியோவில் எல்லாரும் முன்னாலிருந்த தாள்களைப் புரட்டினார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, அவனுக்கு உதவினது யாரு?" என்று ஆரம்பித்தார்.

மறுநாள் ஒரு சேனலிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெளியே தூறல், பாவம், நடுங்கிக்கொண்டிருந்தாள். அக்கி சூடாகக் காப்பி கொடுத்தார். அவள் பர்ஸைத் திறக்க, இவர் கை நெஞ்சுக்குப் போக, அவள் "ரொம்ப நன்றி" என்று பர்ஸை மூடிவிட்டாள். கடையின் கேமரா படம் இருக்கிறதா என்று கேட்டாள். போலீசுக்குக் கொடுத்த படத்தை அவளுக்கும் கொடுத்தார்.

"எதுக்குக் குடுத்தீங்க சித்தப்பா?" என்று ஷாயிஃப் தலையில் அடித்துக்கொண்டான்.

"வீடு தேடி வந்த பொண்ணு கேக்குது. இல்லேன்னு எப்படிடா சொல்றது?"

அவர் தண்ணீர் ஊற்றியது, டவல் கிழித்தது எல்லாமே அந்தப் படத்தில் இருந்தது. ஒளிபரப்பானது கை மட்டும்தான். அவன் காசை நீட்டுகிறான், இவர் கை நெஞ்சுக்குப் போகிறது, தலை சாய்கிறது. கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மெதுவாக ஒருமுறை, இன்னும் மெதுவாக ஒருமுறை. 'கொலைகாரனிடம் காசு வாங்காத கடைக்காரர்' என்று கீழே எழுத்து. உடல்மொழி நிபுணர் என்று ஒருவர், "நெஞ்சில் கை வைப்பது விசுவாசத்தின் அடையாளம்" என்றார். அந்தப் பெண் குடித்த காப்பியும் அதே கையால் ஓசியில் வந்ததுதான். அதை யாரும் வட்டம் போட்டுக் காட்டவில்லை.

எதிரே முடிவெட்டுகிற பர்னெல், கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, கடைக்கு வந்த மைக்கிலெல்லாம் பேசினார். "என்கிட்டேயும்தான் தினம் காசு வேண்டாங்கறான். அப்ப நான் எங்கே குண்டு வச்சேன்? தினம் பாக்கறேன்யா அந்தக் கையை. அது அவன் ஊரு மரியாதை!" டிவியில் வந்தது: "தினம் பாக்கறேன்யா அந்தக் கையை." அதோடு வெட்டிவிட்டார்கள். பர்னெல் ரெண்டு நாள் யாருக்கும் முடி வெட்டவில்லை. வெட்டுகிற தொழிலே பிடிக்கவில்லை என்றார்.

துப்பறிகிறவர்கள் வந்தார்கள், மணிக்கணக்கில் விசாரித்தார்கள், சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தி வானிலைக்கு அடியில் பொடி எழுத்தில் ஓடி மறைந்தது.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் சில பேர் திட்டினார்கள், சில பேர் மூச்சு மட்டும் விட்டார்கள். வாசலில் முட்டை விழுந்தது. எங்கள் பில்டிங்காரர்களே சில பேர் அடுத்த தெருவில் பால் வாங்கினார்கள். பையை மறைத்துக்கொண்டு வந்தார்கள். யாரோ டெக்சாஸிலிருந்து, காப்பி வாயில் வைக்க முடியவில்லை என்று நெட்டில் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தான். போனில் கொன்றுவிடுவேன் என்றதைவிட அதுதான் அக்கிக்கு உறைத்தது. "அந்தாளு என் காப்பியைக் குடிச்சதே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சித்தப்பா, இனிமே அந்தக் கையைத் தூக்காதீங்க" என்றான் ஷாயிஃப். "காசு குடுத்தா வாங்குங்க. பில் குடுங்க. வாயைத் திறக்காதீங்க."

அக்கி கேட்டுக்கொண்டார். நாம் காசை நீட்டுவோம், அவர் வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான். 'சும்மா இரு அக்கி' என்று சொல்லத் தயாராக வந்த வாய், இல்லாத படியில் கால் வைத்த மாதிரி தடுமாறும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டே நிற்பார். காலையில் நெரெய்தா அத்தை வரும் நேரத்துக்கு அந்தக் கை தன்பாட்டில் அவள் காப்பியைக் கலந்து வைத்துவிடும். அது ஆறிப்போகும். மேனேஜர் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களின் படங்களைத் தூக்கிக்கொண்டு சர்ச்சிலிருந்து ஸ்டேஷன் வரை ஊர்வலம் என்று அறிவித்தார்கள். அது கடை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். 'வழியில் கடைக்காரனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்' என்று யாரோ நெட்டில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே லைக் கட்டைவிரல்கள் குவிந்து கிடந்தன. ஊர்வலம் கடையைத் தாண்டிப் போகுமா, கடைக்குள் நுழையுமா? தெருவில் எல்லாருக்கும் இந்த ஒரே யோசனைதான்.

ஷாயிஃபும் பர்னெலும் ஷட்டரில் தொங்கினார்கள். எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, மறுபடி தொங்கினார்கள். அது அலறிக்கொண்டு பாதி இறங்கி, இடுப்பளவில் நின்றது. அதற்குப் பிறகு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"என் மச்சான் பேன்ட் மாதிரி நிக்குதுய்யா" என்றார் பர்னெல். "சரி அக்கி, நீ என் வீட்டுக்கு வந்துரு."

"நெரெய்தா படம் வாசலைத் தாண்டிப் போறப்ப நான் உன் சோபாவிலே உக்காந்திருக்கவா? ரயிலுக்கு ஓடறப்பகூட திரும்பிப் பாத்துக் கையாட்டாம போனதில்லே அவ."

ஞாயிற்றுக்கிழமை உள்ளே நாங்கள் நாலைந்து பேர். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தால் பாதி ஷட்டருக்கு அடியில் கால்கள் மட்டும்தான் தெரியும். முதலில் நாலு கால்கள் வந்தன. பிறகு தெரு முழுக்கக் கால்கள். அவை கடை வாசலில் நின்றன.

"வெளியே வாடா!"

"எதுக்குடா அவன்கிட்டே காசு வாங்கலே?"

ஷட்டரில் எதுவோ மோதியது. தகரம் உடம்புக்குள் அதிர்ந்தது. ஷாயிஃப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் நின்றான். கேமராக்காரர்கள் மண்டியிட்டு ஷட்டருக்கு அடியில் லென்ஸை நீட்டினார்கள். அப்போது பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி கறுப்பு ஷூ முன்னால் வந்தது. ஒரு ஆள் குனிந்து உள்ளே வந்தார். எலீசியோ மாமா. நெரெய்தா அத்தையின் புருஷன்.

கோட் அவருக்குப் பெரிதாக இருந்தது. நேரே கல்லாவுக்கு வந்து, "அவ காப்பி ஒண்ணு" என்றார்.

அக்கி கலந்தார். மூடியை அழுத்தும்போது கொஞ்சம் சிந்தியது. மாமா கோட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

கையைத் தூக்க வேண்டாம் என்று ஷாயிஃப் பின்னாலிருந்து தலையை ஆட்டினான். பேசாமல் வாங்கிக்கொண்டால் பிரச்சினை முடிந்தது. மறுபடி அந்தக் கை மேலே போனால் இத்தனை கேமராவும் இருக்கிறது, வெளியே இத்தனை கால்களும் இருக்கின்றன. அக்கி நோட்டைப் பார்த்தார். இடது கையால் வலது கையை இறுகப் பிடித்தார். அப்படியும் அது விடுவித்துக்கொண்டு நெஞ்சுக்குப் போனது.

"இருக்கட்டும் எலீசியோ. நம்ம கணக்கு."

வெளியே கேமராக்கள் ஆலங்கட்டி மழை மாதிரி சடசடத்தன. ஷாயிஃப் கண்ணை மூடிக்கொண்டான். மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இருய்யா" என்றார் மாமா. "புடி."

"வேண்டாம்யா. இன்னைக்கு வேண்டாம்."

"தினம் ராத்திரி வீட்டுக்கு வந்து சொல்லுவா. இன்னைக்கும் அந்த ஏமன்காரனை ஜெயிச்சுட்டேன்னு. நான் தோத்துட்டுப் போகவா?"

அக்கி கையை எடுக்கவில்லை. மாமா பூனையைப் பார்த்தார். நோட்டை நாலாக மடித்து அதன் வயிற்றுக்கடியில் செருகினார். மேனேஜர் எழுந்திருக்கவில்லை.

"என்னய்யா நீ" என்றார் அக்கி. "சண்டைக்கு வர்றே" என்பது வெளியே வரவில்லை. அழுகைதான் வந்தது.

மாமா காப்பியோடு குனிந்து வெளியே போனார். "எவனாவது உள்ளே போறதா இருந்தா காசை எடுத்துட்டுப் போங்கடா" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. "வேண்டாம்பான். விடாதீங்க. குடுத்துட்டு வாங்க."

யாரோ துப்பினார்கள். யாரோ அவர்களைத் திட்டினார்கள். சில கால்கள் குனிந்து உள்ளே வந்தன, தண்ணீர் வாங்கின, தட்டுத்தடுமாறிச் சண்டை போடக் கற்றுக்கொண்டன. மற்றக் கால்கள் ஸ்டேஷன் பக்கம் நகர்ந்தன.

அன்று சாயங்காலமும் டிவியில் அதே கை. வட்டத்தை எடுத்துவிட்டுப் பியானோ சேர்த்திருந்தார்கள். கீழே 'மன்னிப்பு' என்று எழுத்து. யார் யாரை எதற்கு மன்னித்தார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நிபுணர் மட்டும் மறுபடியும் வந்து விளக்கினார்.

ஷட்டர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. எல்லாரும் குனிந்துதான் கடைக்குள் போகிறோம். போன் எப்போதாவது அடிக்கும், எடுத்தால் மூச்சு. அக்கி பழையபடி காசு வேண்டாம் என்கிறார். ஆனால் கை நெஞ்சுக்குப் போவதற்கு முன்னால் கண் ஒருமுறை மேலே, மூலையில் இருக்கும் கேமராவுக்குப் போய்விட்டு வருகிறது. ஒரு சிமிட்டல்தான். பழகினவர்களுக்கு மட்டும் தெரியும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நேற்று அவர் பின்கட்டில் தூங்கும்போது, கிரேட் ஒன்றைப் போட்டு ஏறி, கறுப்பு டேப்பில் ஒரு மீசை வெட்டி கேமராவுக்கு அடியில் ஒட்டினேன். அவருடையது மாதிரியே, நல்ல தடிமன்.

இன்று காலை காசை நீட்டினேன். அவர் கண் மேலே போனது. அங்கேயே நின்றது. மீசை துடித்தது, அவருடையது.

"எவன்டா இது?" என்றார். பிறகு கை நெஞ்சுக்குப் போனது. "இருக்கட்டும், நம்ம கணக்கு."

"சும்மா இரு அக்கி" என்றேன்.